குளிர் ஊரிலிருந்து வந்தவர்களும் கட்டைவிரல் நீளப் பூச்சிகளும்

வாசகர் கேள்வி பதில்

கத்திரி முடிந்து முதல் மழை விழுந்த கையோடு வரும் கடிதங்களில் பாதி பூச்சியைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை அதில் ஓர் ஒற்றுமை. எழுதியவர்கள் பலரும் குளிர்ந்த ஊரிலிருந்து வெயில் ஊருக்குக் குடிமாறியவர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவர்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

அக்கா, நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி எட்டு மாதமாகப் பெரம்பூரில் இருக்கிறேன், தரைத்தள வீடு. ராத்திரி பாத்ரூம் லைட்டைப் போட்டால் கட்டைவிரல் நீளத்துக்குச் சிவப்புக் கரப்பான் சுவரில் நிற்கிறது. போன வாரம் ஒன்று பறந்து வந்து என் தோளிலேயே உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன், ராத்திரி எழுந்து போக வேண்டுமே என்று. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், "நாங்கல்லாம் இத்தனை வருஷம் இல்லையா" என்கிறார் மாமியார். தினமும் பினாயில் போட்டுக் கழுவியும் வருகிறது. என் சுத்தத்தில்தான் குறையா? ஸ்ப்ரே அடிக்கலாமா? நான் இப்போது நான்கு மாதம்.
– வாசகி, பெரம்பூர்

முதலில் தண்ணீரைக் குடியுங்கள் அம்மா. வயிற்றில் பிள்ளையோடு இந்த வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வரும், இப்போது உங்களுக்கு அது நல்லதே இல்லை. இன்று ராத்திரியே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு பழைய ஸ்ப்ரே பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர், இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட், கலக்கி பாத்ரூம் கதவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கரப்பானுக்கு மூக்கு கிடையாது, உடம்பின் இரண்டு பக்கமும் இருக்கும் சின்னத் துளைகள் வழியாகத்தான் மூச்சு. வெறும் தண்ணீர் அதன் மெழுகுத் தோலில் ஒட்டாமல் வழிந்துவிடும், சோப்புத் தண்ணீர் துளைக்குள் இறங்கி அடைத்துவிடும். நான்கு அடி தள்ளி நின்றே நன்றாக நனைகிற மாதிரி அடிக்கலாம், ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். விஷம் இல்லை, வாடை இல்லை, உங்கள் நிலைமைக்கு இதுதான் பொருத்தம். தரை வழுக்கும், அதை மட்டும் வீட்டில் வேறு யாரையாவது உடனே கழுவிவிடச் சொல்லுங்கள்.

செருப்பால் அடிக்கப் போனால் தப்பித்துவிடுகிறதே என்று நிறைய பேர் கேட்பார்கள். அதன் வால் பக்கம் இரண்டு சின்ன நீட்டல்கள் இருக்கும், அதில் நுண்ணிய மயிர்கள். செருப்பு கீழே வருமுன்பே அது தள்ளுகிற காற்று அந்த மயிரில் பட்டுவிடும், ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் கரப்பான் திரும்பி ஓடத் தொடங்கிவிடும். ஓட ஆரம்பித்தால் நொடிக்கு ஒன்றரை மீட்டர். அதோடு போட்டி போட வேண்டியதில்லை.

இனி சுத்தம் பற்றி. உங்கள்மேல் எந்தக் குறையும் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன், வேண்டுமானால் இந்தப் பக்கத்தை வீட்டில் படித்துக் காட்டுங்கள். நீங்கள் பார்ப்பதற்கு அமெரிக்கக் கரப்பான் என்று பேர். பேர்தான் அமெரிக்கா, பூர்வீகம் ஆப்பிரிக்கா, கப்பலேறி உலகமெல்லாம் போனது. 35 முதல் 40 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், தலையை மூடிய தகட்டின் ஓரத்தில் மஞ்சள் விளிம்பு. இது உங்கள் சமையலறையில் பிறந்தது இல்லை. இதன் வீடு தெருவுக்கு அடியில் ஓடும் சாக்கடை, உங்கள் காம்பவுண்டுக்குள் கழிவுநீர்க் குழாய்கள் சேரும் சேம்பர் குழி, கழிவுநீர்த் தொட்டி. அங்கே கூட்டம் அதிகமானாலோ பெருமழையில் தண்ணீர் ஏறினாலோ குழாய் வழியாக மேலே வருகிறது. சமையலறை அலமாரி இடுக்கில் குடும்பம் நடத்துவது வேறு வகை, ஜெர்மன் கரப்பான். 12 முதல் 15 மில்லிமீட்டர்தான், கழுத்துத் தகட்டில் இரண்டு கறுப்புக் கோடு, பறக்காது, ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 குஞ்சு. பெரியதின் கூட்டில் 14, 16 முட்டைதான், அது வளர்ந்து ஆளாகவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பார்க்கப் பெரியது என்பதால் அதைக் கண்டு அலறுகிறோம், உண்மையில் வீட்டுக்குள் ஊன்றிவிடுவது அந்தச் சின்னதுதான். பெரியது வெளியாள். வழி கிடைத்ததால் வந்தது, வழியை அடைத்தால் வராது.

வழி எங்கே என்று தேடுவதுதான் வேலை. தரையில் தண்ணீர் போகும் இடத்தில் இருக்கும் துளைத் தட்டை, அதாவது ஜாலியைத் தூக்கிவிட்டுப் பாருங்கள், அடியில் நஹானி டிராப் என்று பிளம்பர்கள் சொல்லும் கிண்ணம் இருக்க வேண்டும், அதில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். பழைய வீடுகளில் கிண்ணத்தின் மூடியை யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள், தண்ணீர் சீக்கிரம் போகட்டும் என்று. அங்கிருந்து சேம்பர் வரை நேர்வழி. புது மூடி போடச் சொல்லுங்கள், அதிகச் செலவில்லை. விருந்தாளிகளுக்கு என்று பூட்டி வைத்த பாத்ரூம் இருந்தால் அதில்தான் முக்கால்வாசி தொல்லை தொடங்கும், கோடையில் இரண்டு வாரத்தில் கிண்ணத்துத் தண்ணீர் வற்றிவிடும். வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. தண்ணீர் நின்றாலும் சில பிடிவாதமாக நீந்தியே வரும், அதனால் பொடித்துளை ஜாலியாகப் பார்த்து மாற்றுங்கள். வாஷ்பேசின் குழாயும் வாஷிங் மெஷின் குழாயும் சுவருக்குள் நுழையும் இடத்தில் சுற்றி இடைவெளி இருக்கும், அதை வெள்ளை சிமெண்டாலோ எம்-சீலாலோ மூடுங்கள். மூன்று மில்லிமீட்டர் இடுக்கு, அதாவது இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கின கனம் இருந்தால் போதும், இந்தப் பெரிய கரப்பான் உடம்பைத் தட்டையாக்கி நுழைந்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் துளைக்கு வலை, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. காம்பவுண்டுச் சேம்பர் மூடி உடைந்திருந்தால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லி மாற்றவைப்பது முக்கியம், அது உடைந்தே கிடந்தால் மேலே நாம் செய்கிற எல்லாமே அரைகுறைதான்.

பினாயில் கழுவுவது மணத்துக்கு நல்லது, கரப்பானைத் தடுக்காது. ஸ்ப்ரே வேண்டாம், அடித்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் வெளியே போயிருக்கும்போது வேறு யாராவது அடித்து, ஜன்னலெல்லாம் திறந்துவைத்து, வாடை முழுக்கப் போன பிறகு உள்ளே வாருங்கள். கோடு போடும் சாக்பீஸ் மருந்து பிறக்கப்போகும் பிள்ளை தவழும் வீட்டுக்கு ஆகாது, எழுதுகிற சாக்பீஸ் போலவே இருக்கும், வாயில் வைத்துவிடும். பாச்சை உருண்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாச்சை என்றாலே கரப்பான்தான் என்பதால் பேரை நம்பி வாஷ்பேசினில் போடுகிறோம், சாக்கடையிலிருந்து வரும் கரப்பான் அதைத் தாண்டி வந்துவிடும். குழந்தைத் துணி வைத்த பீரோவில் மட்டும் அதைப் போடவே போடாதீர்கள். ஒருவகை நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும், குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது.

பயத்துக்கு வருகிறேன். நானும் கோத்தகிரிக்காரிதான், 1993ல் கல்யாணமாகி மேற்கு மாம்பலம் வந்தவள், அதற்கு முன்பே பூச்சியியல் படித்தவள். அப்படி இருந்தும் முதல் ஒரு வருடம் ராத்திரி பாத்ரூம் கதவைத் தட்டி, லைட்டைப் போட்டு, பத்து எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவேன். இன்றும் அதையே உங்களுக்குச் சொல்கிறேன், தட்டுகிற அதிர்விலும் வெளிச்சத்திலும் அது தானே ஒளிந்துகொள்ளும். மலையில் வளர்ந்த நமக்கு இந்த அளவுப் பூச்சி வீட்டுக்குள் வந்து பழக்கமில்லை. பூச்சிக்குத் தன் உடம்பில் சூடு இல்லை, சுற்றி இருக்கும் காற்றின் சூடுதான் அதற்கு. குன்னூர் குளிரில் அதன் சிறகுத் தசை பறக்கிற அளவுக்குச் சூடேறாது. சென்னையில் மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் 30 டிகிரி, அதனால் இங்கே பறக்கிறது. அதுவும் முழுப் பறவை மாதிரி இல்லை, உயரத்திலிருந்து சறுக்கிக் கீழே வரும், வழியில் நீங்கள் நின்றீர்கள், அவ்வளவுதான். உங்களைக் குறிவைத்து வரவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேண்டுமென்றே பயப்படுகிறவர் யாரும் இல்லை. ராத்திரி அந்தப் பெண் எழுந்தால் கூட ஒருவர் எழுந்து லைட்டைப் போட்டுக் கொடுங்கள், குழாய் வேலை முடிகிறவரை ஒரு மாதம் செய்தால் போதும். அதற்குப் பிறகும் தூக்கம் வராமல் நெஞ்சு படபடத்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள் அம்மா, இந்த மாதிரிப் பயம் சில வாரப் பயிற்சியிலேயே நன்றாகக் குறையக்கூடியது.

ஒன்று விட்டுப்போயிற்று. குட்டையாகக் கறுப்பாக, வயிற்றைக் கொடி மாதிரி மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நடக்கும் சின்னக் குளவி ஒன்றை எப்போதாவது பார்ப்பீர்கள். அதை அடிக்காதீர்கள். கரப்பான் முட்டைக்கூட்டைத் தேடிப் போய் அதற்குள் தன் முட்டையை வைப்பது அதன் பிழைப்பு, நம்மைக் கொட்ட வராது.

வணக்கம் அக்கா. நாங்கள் யாழ்ப்பாணம். ரொறொன்ரோவில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, இவருடைய வேலை மாற்றத்தால் போன வைகாசியில் ஹூஸ்ரனுக்கு வந்தோம். புது வீடு. வந்த கிழமையே கராஜுக்குள் பெரிய கரப்பொத்தான். ஊரில் பார்க்காததா என்று நான் அடித்துப் போட்டேன், ஆனால் நிற்கவில்லை, பிள்ளைகள் இரண்டும் கனடாவில் பிறந்ததுகள், கத்திக் குழறுதுகள். பக்கத்து வீட்டு மனுசி "இது மரத்தில் இருக்கிற பூச்சி, கரப்பொத்தான் இல்லை" என்கிறா. உண்மையோ? மாதாமாதம் மருந்தடிக்க ஒப்பந்தம் போடச் சொல்லி ஆட்கள் வருகினம். மற்றது, முற்றத்துப் புல்லுக்குள் பெரிய குளவி ஒன்று குழி தோண்டுது. யூடியூபில் காட்டின கொலைகாரக் குளவியோ என்று பயமாக இருக்கு.
– வாசகி, ஹூஸ்டன்

சகோதரி, பக்கத்து வீட்டு அம்மா சொன்னதில் பாதி சரி. அந்தப் பக்கத்தில் மரக் கரப்பான் என்று செல்லமாகச் சொல்வார்கள், புளோரிடாவில் அதற்கு ஒரு பனைமரப் பேர் வைத்திருக்கிறார்கள், ஆனால் கரப்பான் கரப்பான்தான். பெரம்பூர் தங்கைக்குச் சொன்ன அதே அமெரிக்கக் கரப்பானாக இருக்கலாம், இல்லையென்றால் அதன் உறவான புகைநிறக் கரப்பானாக இருக்கலாம். மஞ்சள் விளிம்பே இல்லாமல் உடம்பு முழுக்க ஒரே கரும்பழுப்பில் மெருகு போட்ட மாதிரி மின்னினால் அது புகைநிறக் கரப்பான். அதன் உடம்பிலிருந்து ஈரம் சீக்கிரம் போய்விடும், அதனால் ஈரமும் நிழலும் உள்ள இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. மரப்பொந்து, கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைந்த இலைச்சருகு, பூச்செடிக்கு அடியில் பரப்பும் மரச்சீவல், இதெல்லாம் அதன் இருப்பிடம். ரொறொன்ரோவின் பனிக்காலத்தை வெளியில் கிடந்து தாக்குப்பிடிக்கிற வகைகள் இல்லை இவை. ஹூஸ்டனில் வருடத்தில் பெரும்பகுதி புழுக்கம்தானே, அவற்றுக்குச் சொந்த ஊர் மாதிரி.

ஆக உங்கள் வீட்டிலும் கதை ஒன்றுதான், வெளியிலிருந்து வருகிறது. முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். சுவரை ஒட்டி மரச்சீவல் கொட்டியிருந்தால் ஓர் அடியாவது தள்ளி ஒதுக்குங்கள். கூரையைத் தொடும் கிளையை வெட்டுங்கள், அது அவர்களுக்குப் பாலம். கராஜ் கதவின் அடி ரப்பர் இரண்டு மூலையிலும் தேய்ந்திருக்கும், இருட்டியபின் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியில் நின்று பாருங்கள், வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் வழி. அங்கே செங்கல் முகப்பு வீடுகளில் அடிவரிசைச் செங்கற்களுக்கு நடுவே வேண்டுமென்றே சின்ன இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள், சுவருக்குள் சேரும் ஈரம் வெளியேற. அதைப் பூச்சிக்குப் பயந்து சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள், சுவருக்குள் பூஞ்சை பிடித்துவிடும். துருப்பிடிக்காத கம்பிவலைத் துண்டைச் செருகினால் காற்றும் ஈரமும் போகும், பூச்சி போகாது. வாசல் விளக்கை மஞ்சள் பல்பாக மாற்றுங்கள், வெள்ளை நீல வெளிச்சத்துக்கு வருகிற அளவு பூச்சி மஞ்சளுக்கு வராது.

ஒப்பந்தத்துக்கு இப்போதே கையெழுத்துப் போட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். இந்த வேலைகளை முடித்து இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அப்புறமும் வந்தால் வீட்டின் வெளிச்சுற்றுக்கு மட்டும் மருந்து கேளுங்கள். பிள்ளைகள் உருண்டு விளையாடும் கம்பளத்தில் மாதாமாதம் மருந்து தெளிப்பதற்கு, வெளியிலிருந்து வரும் பூச்சி ஒரு காரணமாகாது.

அப்புறம் அந்தக் குளவி. அது கொலைகாரக் குளவி இல்லை, நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். வீடியோக்களில் காட்டும் ஆசியப் பெருங்குளவி 2019ல் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்திலும் தென்பட்டது, 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அது ஒழிக்கப்பட்டுவிட்டது என்று அரசே அறிவித்தது, டெக்சாஸ் பக்கம் அது வரவே இல்லை. உங்கள் புல்லில் தோண்டுவது சிள்வண்டு வேட்டைக் குளவி. கோடையில் மரத்திலிருந்து காது கிழியக் கத்துமே சிள்வண்டு, அதைக் கொட்டி மரத்துப்போகச் செய்து, தன்னைவிடக் கனமான அந்தச் சுமையை இழுத்துக்கொண்டு குழிக்குள் போய் அதன்மேல் முட்டை வைக்கும். நாலைந்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும், பார்த்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கும். முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது ஆண், அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையால் பிடித்தாலோ வெறுங்காலால் மிதித்தாலோ தவிரக் கொட்டாது. பிள்ளைகளைச் செருப்புப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கச் சொல்லுங்கள். கோடை முடிகிறபோது அவை தானே போய்விடும். முடிந்தால் ஒரு மாலை பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்து அது சிள்வண்டை இழுத்து வருவதைக் காட்டுங்கள், அப்படி ஒரு காட்சி ரொறொன்ரோவில் அவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்திருக்காது.

முப்பது வருடம் நீலகிரியில் தேயிலை எஸ்டேட் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆனைமலைப் பக்கம் பூர்வீகத் தென்னந்தோப்பில் வீடு கட்டி வந்துவிட்டேன். மழை தொடங்கியதிலிருந்து ராத்திரி டியூப்லைட் போட்டால் கொம்பு வைத்த கறுப்பு வண்டுகள் கல் எறிந்த மாதிரி வந்து மோதுகின்றன. லீவுக்கு வந்த பேரப் பிள்ளைகள் வாசலுக்கே வருவதில்லை. கடிக்குமா? எப்படி நிறுத்துவது?
– வாசகர், ஆனைமலை

ஐயா, கடிக்காது, கொட்டாது, அதற்கு விஷமும் இல்லை. காண்டாமிருக வண்டு அது. கொம்பு பெரியதாக இருந்தால் ஆண், சின்னதாக இருந்தால் பெண். கையில் எடுத்தால் காலில் இருக்கும் முள் கீறும், கீச்சென்று ஒரு சத்தம் போடும், அதற்குத்தான் பிள்ளைகள் மிரள்வார்கள். முதுகுப் பக்கமாக இரண்டு விரலால் பிடித்து நீங்களே ஒரு முறை எடுத்துக் காட்டிவிட்டால் மறுநாள் பேரன் பேத்திகள் போட்டி போட்டுக்கொண்டு பிடிப்பார்கள். அப்படிப் பிடிக்கச் சொல்வதில் இன்னொரு நன்மை இருக்கிறது, ஏனென்றால் உங்கள் வாசலைவிட உங்கள் தோப்புக்குத்தான் அந்த வண்டு ஆபத்து.

நாளைக் காலையில் தென்னையை அண்ணாந்து பாருங்கள். விரிந்த மட்டையில் ஓலைகளைக் கத்தரியால் முக்கோணமாக வெட்டி எடுத்த மாதிரி இருந்தால் அது இந்த வண்டு செய்த வேலை. குருத்துக்குள் துளைத்து மென்றுவிட்டுப் போகும், மடிந்திருந்த குருத்து பின்னால் விரியும்போது வெட்டு விசிறி மாதிரி தெரியும். துளைத்த காயத்தின் வழியாகச் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட வரும், அது வந்தால் மரமே போய்விடும்.

இத்தனை வண்டு வாசலுக்கு வருகிறது என்றால் பக்கத்திலேயே எங்கோ பிறக்கிறது என்று பொருள். எருக்குழியைக் கிளறிப் பாருங்கள், இல்லையென்றால் விழுந்து மக்கிக் கிடக்கும் தென்னந்தடியைப் பிளந்து பாருங்கள். கட்டைவிரல் தடிமனில் வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்ட புழுக்கள் கிடக்கும், அவைதான் பின்னால் கொம்போடு வருபவை. மக்கின தடிகளை அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் கலந்து ஈரம் காயாமல் வைத்தால் அது புழுக்களின்மேல் வளர்ந்து கொன்றுவிடும், எருவுக்குக் கெடுதல் இல்லை. ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, சின்ன மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் ஆங்காங்கே வைத்தால் அந்த வாடைக்கு வண்டுகள் வந்து விழும். இளங்கன்றுகளின் குருத்தைச் சுற்றியுள்ள மட்டை இடுக்கில் வேப்பம் புண்ணாக்கை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மணலோடு கலந்து வையுங்கள். டியூப்லைட்டை வாசலிலிருந்து எடுத்து நாற்பது ஐம்பது அடி தள்ளிக் களத்தில் மாட்டி, வாசலுக்கு மஞ்சள் பல்பு போடுங்கள். மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பினாலும் அந்த விளக்குக்கே போய்விடும்.

எஸ்டேட்காரர் என்பதால் இது உங்களுக்குப் பிடிக்கும். 1909ல் இலங்கையிலிருந்து சமோவாத் தீவுக்குக் கப்பலில் போன ரப்பர் நாற்றோடு இந்த வண்டும் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பசிபிக் தீவுகளில் தென்னையை அழித்துக்கொண்டே பரவியது. இந்த வண்டுக்கு நோய் உண்டாக்கும் வைரஸ் ஒன்றை மலேசியாவில் கண்டெடுத்து, 1967ல் சமோவாவில் விட்டார்கள், அதற்குப் பிறகுதான் அங்கே சேதம் குறைந்தது.

தோப்பில் நீங்கள் உண்மையாகவே பயப்பட வேண்டியது குளவி இனமான கதண்டுக்குத்தான், கடந்தை என்றும் சொல்வார்கள். பனையிலோ தென்னையிலோ பானை மாதிரிக் கூடு தெரிந்தால் கல் எறிவது, தீப்பந்தம் காட்டுவது எதுவும் வேண்டாம். கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112ல் சொல்லுங்கள், ராத்திரியில் வந்து அழித்துக் கொடுப்பார்கள். யாரையாவது நிறையக் கொட்டிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி.

லெஸ்டரிலிருந்து பிரிஸ்பேனுக்கு வந்து மூன்று மாதம். படுக்கையறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு எட்டுக்கால் பூச்சி. வலையே இல்லை, சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கணவர் அதற்குப் பேர் வைத்துவிட்டார், எனக்குத் தூக்கம் இல்லை.
– வாசகி, பிரிஸ்பேன்

அது வேட்டைச் சிலந்தி. பூச்சி இனத்தில் சேராது என்றாலும் கேள்வி இதே ஜாதிதான். வலை கட்டி உட்காராது, ஓடிப் பிடிக்கும், அதற்குப் பிடித்த சாப்பாட்டில் கரப்பானும் ஒன்று. தானாக வந்து மனிதரைக் கடிக்காது, கைக்குள் நசுக்கினால் கடிக்கும், வலி இருக்கும், பெரும்பாலும் அதோடு சரி. ஆனாலும் படுக்கையறையில் நீங்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அகலமான பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாக அதன்மேல் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகி, தோட்டத்தில் கொண்டு விடச் சொல்லுங்கள், பேர் வைத்த கணவரே செய்யட்டும். ஜன்னல் வலையில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். காரில் மட்டும் கவனம். வெயில் மறைக்கும் மடக்குப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருந்து, ஓட்டும்போது மடியில் விழுந்து, அந்த அதிர்ச்சியில் விபத்து ஆனது உண்டு. கண்ணாடியை முழுக்க ஏற்றி வையுங்கள், கிளம்புமுன் அந்தப் பலகையை ஒரு முறை தட்டிப் பாருங்கள். விழுந்தே விட்டால் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். வால்பாறையிலிருந்து மதுரைக்கு வந்துவிட்டோம். இங்கே என் ஜன்னலில் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி வந்திருக்கிறது. வளர்க்க ஆசை. அம்மா பயப்படுகிறார். வளர்க்கலாமா?
– வாசகர், மதுரை

தம்பி, உன் கடிதத்தைத்தான் இந்த மாதம் இரண்டு முறை படித்தேன். வளர்க்கலாம், ஒரு வாரம் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் செடியில் விட்டுவிடு. அகல வாய் பாட்டில் எடுத்து வாயை வலைத்துணியால் கட்டு, உள்ளே சாய்வாக ஒரு குச்சி வை. இன்னும் முழுச் சிறகு வராத குட்டியாக இருந்தால் தோல் உரிக்கும், அதற்குத் தலைகீழாகத் தொங்க வேண்டும், குச்சியின் அடியில் அதன் உடம்பைப்போல இரண்டு மடங்கு இடம் இருக்கட்டும். உயிருள்ள ஈ, சின்ன வெட்டுக்கிளி பிடித்துப் போடு, செத்ததைத் தொடாது. தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதே, காலையில் குச்சியின்மேல் நாலு துளி தெளித்தால் குடித்துக்கொள்ளும். இன்னொன்று கிடைத்தாலும் ஒரே பாட்டிலில் இரண்டைப் போடாதே, ஒன்றை ஒன்று தின்றுவிடும். வீட்டில் மருந்தடித்து மயங்கிக் கிடக்கும் பூச்சியை எடுத்து அதற்குக் கொடுத்துவிடாதே, அந்த மருந்து இதையும் கொல்லும்.

அம்மாவிடம் இந்தப் பக்கத்தின் முதல் கேள்வியைப் படித்துக் காட்டு. கும்பிடுபூச்சிக்கு நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா, கரப்பான்தான். இரண்டுமே முட்டையைத் தனித்தனியாக விடாமல் ஒரே கூட்டுக்குள் அடுக்கி வைக்கும். உன் கும்பிடுபூச்சியின் வயிறு பருத்திருந்தால் குச்சியில் நுரை மாதிரி ஒன்றை ஒட்டும், அது காய்ந்து பழுப்பாகும். அப்படிச் செய்தால் குச்சியை அப்படியே எடுத்து நிழலான செடியில் கட்டி விடு, சில வாரத்தில் எறும்பு அளவுக் குட்டிகள் வரிசையாக இறங்கும். பாட்டிலை மதுரை வெயிலில் ஜன்னலோரம் வைத்துவிடாதே, கண்ணாடிக்குள் சூடேறிச் செத்துவிடும்.